மருந்துப் பெட்டியும் இருப்புக் கணக்கும்

சங்கக் கிடங்கில் கச்சாப் பட்டின் இருப்பைச் சரிபார்க்கும் நாளில், தராசு நூறு கிராம் குறைத்துக் காட்டினால் காரியதரிசியின் முகம் வாடுவதை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். வரவு எவ்வளவு, பட்டுவாடா எவ்வளவு, கழிவு எவ்வளவு, கைவசம் எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரையில் என் போன்ற இன்ஸ்பெக்டர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. ஆயினும் பட்டைக் காட்டிலும் ஜாக்கிரதையாகக் காக்க வேண்டிய ஒரு சரக்கு, வயோதிகர் உள்ள வீடுகளில் கணக்கின்றியும் பூட்டின்றியும், பல சமயங்களில் பெயர்கூட இன்றியும் கிடக்கிறது. நான் குறிப்பிடுவது மருந்தை.

திருமழிசையாழ்வாரோடு பெருமாளும் ஓரிரவு தங்கியதனால் ஓரிரவிருக்கை என்பது மருவி ஓரிக்கை ஆயிற்றென்று நம் ஊருக்குப் பெயர்க்காரணம் கூறுவர். பெருமாள் தங்கியது ஓரிரவு. நம் வீட்டு மாடங்களில் மருந்துகள் தங்குவதோ வருஷக் கணக்கில்! என்றோ வந்த இருமலுக்கு வாங்கிய பானத்தின் அடிமண்டி, காலஞ்சென்ற பாட்டியாரின் கண் சொட்டு மருந்து, பெயர் கிழிந்த மாத்திரைப் பட்டைகள் ஆகிய யாவும் ஒரே பிஸ்கோத்து டப்பாவில் குடியிருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

மேனாடுகளில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பராமரிப்புத் தேவைப்படும் முதியோர் தங்கி வாழும் விடுதி. நம் நாட்டில் அச்சொல் சிறிய தனியார் ஆஸ்பத்திரியைக் குறிக்கிறது. அங்கே அவர்கள் நர்சிங் ஹோம் என்பதற்கு இங்கே ஈடானது முதியோர் இல்லம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்திற்கு ஒன்றாவது, ஒவ்வொன்றிலும் 150 பேர் தங்கத்தக்க இல்லங்களைப் படிப்படியாக ஏற்படுத்தலாம் என்று மாநில அரசுகளுக்கு வழிகாட்டியது. தறியை விட்டிறங்கிய நெசவாளர் சிலர் இத்தகைய இல்லங்களில் இருக்கின்றனர். பெரும்பாலோர் மக்கள் வீட்டிலேயே இருக்கின்றனர். மருந்தைப் பொறுத்தவரையில் இவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதே. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தினால், ரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை வியாதிக்கும் உரிய மாத்திரைகள் வாசற்படிக்கே வந்து சேரலாயின. மிகவும் நல்ல காரியம். ஆனால் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் ஒரு பகுதி அதனால் நம் வீட்டிற்குள் வந்துவிட்டது என்பதையும், கிடங்கு வந்த இடத்தில் கிடங்குக்காரரின் பொறுப்பும் வந்துவிட்டது என்பதையும் நாம் இன்னும் உணரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், ஓய்வுபெற்ற அங்கத்தினர் ஒருவரிடம் காகிதமொன்றில் கையொப்பம் பெறுவதற்காக ஒரு முதியோர் இல்லத்திற்குச் சென்றேன். இல்லத்தின் பெயரும் ஊரும் இங்கு வேண்டா, நடத்துபவர்கள் நல்லவர்கள். முப்பத்தைந்து வருஷம் தறியில் இருந்த அப்பெரியவர் தினமும் இருவேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். மூன்று வாரமாக அவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே வந்ததால் டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். பிறகு மறுபடியும் கூட்டினார். நான் செல்வதற்கு முந்தின நாள் பழைய குப்பி தீர்ந்து புதுக் குப்பி வந்திருந்தது. அன்று பகல் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது. கை நடுங்கிற்று. என்னை இன்னார் என்று அறியாமல், “தம்பி, பாவு சேர்ந்ததா?” என்று கேட்டார். அங்கிருந்த பணிப்பெண் ஒருத்தி விவரமறிந்தவள். அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தாள். பெரியவர் பிழைத்தார்.

நடந்தது என்னவென்று பின்னர் டாக்டர் விளக்கினார். பழைய குப்பி குளிர்பெட்டியில் பனிக்கட்டி உறையும் தட்டோடு ஒட்டினாற்போல் வைக்கப்பட்டிருந்தது. இன்சுலின் ஒருமுறை உறைந்து உருகினால் வீரியம் குன்றும். அம்மருந்தை மீண்டும் உபயோகிக்கலாகாது. திரிந்த மருந்து அரைகுறையாக வேலை செய்தபடியால் சர்க்கரை ஏறிற்று. ஏறியதற்கேற்ப அளவும் ஏறிற்று. வீரியம் குறையாத புதுக் குப்பி வந்தபோது கூட்டிய அளவு அப்படியே உடம்பில் இறங்கிற்று. டாக்டரும், மருந்தும், ஊசி போட்ட கையும் தத்தம் அளவில் பிழை செய்யவில்லை. பிழை குளிர்பெட்டியின் ஒரு மூலையில் இருந்தது. இதைக் கேட்டது முதற்கொண்டு, மருந்து வைக்கும் இடத்தை ஒரு சில்லறை விஷயமாக நான் எண்ணுவதில்லை.

இந்திய மருந்தியல் நூலின் கணக்குப்படி, குளிர்ந்த இடம் என்பது 8 டிகிரி செல்சியசுக்கு மேற்படாதது. சாதாரணமாக 2 முதல் 8 வரை. தண்மையான இடம் என்பது 8 முதல் 25 வரை. 40-க்கு மேற்பட்டது அதிக வெப்பம் எனப்படும். நம் ஊரில் அக்கினி நட்சத்திரத்தின்போது வெளியில் நிழலிலேயே 40-ஐ எட்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின் கீழும் கல்நார் ஓட்டின் கீழும் அறைக்குள் இருக்கும் சூட்டை அங்கத்தினர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே, திறவாத இன்சுலின் குப்பியைக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், ஒரு சிறு பெட்டிக்குள் வைக்க வேண்டும். கதவிலுள்ள தட்டில் வைத்தால் திறக்குந்தோறும் சூடு ஏறியிறங்கும். உறைதட்டின் அருகே வைத்தால் மேற்சொன்ன கதிதான். உபயோகத்திற்கு எடுத்த குப்பியின்மேல் திறந்த தேதியை எழுதி, அதன் தாளில் கண்ட கெடு வரையில் மாத்திரம் உபயோகிக்க வேண்டும். பெரும்பாலானவற்றிற்கு இக்கெடு 28 நாள்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டார் கலங்க வேண்டியதில்லை. வாயகன்ற மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதனுள் வேறொரு சிறு மண் கலயத்தை இறக்கி, குப்பியை நனையாமல் அதற்குள் வைத்து மூடினால் அறைச் சூட்டினும் பல டிகிரி குறைவாக இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வது எவ்வாறோ அவ்வாறே இதுவும். காற்று உலர்ந்த சித்திரையில் இது நன்கு பயன்படும். ஐப்பசி மழையில் அவ்வளவு பயன்படாது, அப்பொழுது அவ்வளவு தேவையும் இராது. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தாரும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அமைப்பினரும் வட கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் நிலவும் வெப்பத்தை அளந்து, பகலிரவாக 25 முதல் 37 டிகிரி வரை ஏறியிறங்கும் சூட்டில் 4 வாரம் இன்சுலினை வைத்துச் சோதித்தனர். அது குளிரில் வைத்ததற்குக் குறையாத வீரியத்துடன் இருந்ததென 2021-இல் வெளியிட்டனர். ஏழை நாடுகளுக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் 37 வேறு, தகரக் கூரையின் கீழ் ஜன்னல் விளிம்பு வேறு.

சூட்டைப்பற்றி இவ்வளவு சொன்னபின் ஈரத்தைப்பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் இது நெசவாளர் வீடுகளுக்கே உரிய சங்கடம். பட்டு இழை அறாமல் ஓடுவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும்; நம் தறிக்குழிகள் குளிர்ந்து, சற்றே கசிந்து இருப்பது இழைக்கு நல்லது. அந்தக் குளிர்ச்சியை நம்பி மாத்திரைகளைத் தறிமேடைக்கு அருகிலோ குழி ஓரத்திலோ வைக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். இழைக்கு ஆகும் ஈரம் மாத்திரைக்கு ஆகாது. ஆஸ்பிரின் மாத்திரை ஈரம் வாங்கினால் சிதைந்து, காடியின் நெடி வீசும். சாயப் பட்டறையில் பட்டுக்குச் சாயமேற்றும்போது சேர்க்கிறோமே, அந்த அசிட்டிக் அமிலந்தான் அதிலிருந்தும் பிரிகிறது. இருதயத்திற்காக ஆஸ்பிரின் உண்பவர் பட்டையைப் பிரித்தவுடன் அந்த நெடி அடித்தால் அம்மாத்திரையை ஒதுக்கிவிட வேண்டும். தைராய்டுக்குரிய மாத்திரை சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் அஞ்சும். அது வந்த புட்டியிலேயே மூடியை இறுக்கி வைத்தல் வேண்டும். மார்வலிக்கு நாவின்கீழ் இடும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் அதன் சொந்தக் கண்ணாடிப் புட்டியைவிட்டு வேறு டப்பாவுக்கு மாறினால் வீரியம் இழக்கும். சமையலறை அலமாரி, குளியலறை மாடம், சுவாமி அறையில் விளக்கிற்கு அருகே உள்ள பலகை ஆகிய மூன்றும் மருந்துக்கு ஆகாத இடங்கள். படுக்கும் அறையில், வெயில் படாத சுவரில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறு மர அலமாரி போதும்.

இனி மருந்துகள் கலந்துபோதல். வயோதிகர் பலர் மருந்தைப் பெயரால் அறியார், நிறத்தால் அறிவர். “காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள்” என்பது அவர்கள் கணக்கு. ஒரே மருந்தை வேறு கம்பெனி செய்தால் நிறமும் வடிவும் மாறும். அரசினர் மருந்தும் டெண்டர்தோறும் மாறி வரக்கூடும். ஆகையால் நிறத்தை நம்பியிருப்பவருக்குப் பட்டை மாறிய அன்றே அபாயம். மாத்திரைப் பட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனை கடைசிவரை நிற்கும்படி மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். காலாவதி என்று ஒரு மாதமும் வருஷமும் மாத்திரம் குறித்திருந்தால், அம்மாதத்தின் கடைசித் தேதி வரையில் செல்லும் என்று பொருள்.

இரண்டு கலப்புகள் உயிருக்கே ஆபத்தானவை. ஒன்று, மூட்டுவாதத்திற்கு வாரத்திற்கு ஒருமுறை மாத்திரம் உண்ணத்தரும் மெதோட்ரெக்ஸேட். அதைத் தினசரி மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் வைத்து, தினமும் உண்டு மாண்டவர்கள் உலகில் பல நாடுகளிலும் உண்டு. அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். உண்ண வேண்டிய கிழமையை அதன்மேல் பெரிதாக எழுத வேண்டும். மற்றொன்று, இன்சுலினிலேயே உள்ள இருவகை. நம் நாட்டில் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளதும் 100 யூனிட் உள்ளதும் விற்கப்படுகின்றன. ஊசிக்குழல்களும் அவ்வாறே இருவகை. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலால் எடுத்தால், 20 யூனிட் போட வேண்டியவருக்கு 50 யூனிட் ஏறிவிடும். இருவகைக் குப்பிகள் ஒரே வீட்டில் இருக்கலாகாது. இல்லத்தில் தவிர்க்க முடியாது போனால், ஒவ்வொருவருடைய குப்பியும் அதற்குரிய குழலும் ஒன்றாக, அவர் பெயரிட்ட தனிப்பையில் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் படிப்பில்லாத ஏழைகள் செய்யும் தவறு என்று எவரேனும் எண்ணினால், 2009-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்குள்ள 55 முதியோர் விடுதிகளில் 256 பேரை ஆராய்ந்தனர். ஒருவருக்குச் சராசரி 8 மருந்துகள். அவர்களில் 178 பேருக்கு, எழுதித் தருவதிலோ, கொடுப்பதிலோ, கண்காணிப்பதிலோ ஒரு பிழையாவது இருந்தது. பயிற்சி பெற்ற தாதியரும், சக்கரம் வைத்த மருந்து வண்டியும், அச்சிட்ட படிவமும் உள்ள தேசத்தில் நிலைமை இது. எனவே பிழையைப் படிப்பின்மையின்மேல் சுமத்துவது நியாயமாகாது. எட்டு மருந்து, முப்பது வயோதிகர், ஒரு பணிப்பெண், நடுவில் வந்து தொந்தரவு செய்யும் தொலைபேசி என்று இருந்தால் எவர் கையும் தவறும்.

பிழையைப் பிடிப்பதற்குப் பதிவேட்டைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. இது என் தொழிற்புத்தி என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இல்லத்தில் தங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் மருந்தின் பெயர், வந்த தேதி, வந்த எண்ணிக்கை, காலாவதி. அதன்கீழ் நாள்தோறும் கொடுத்தது, கொடுத்தவர் கையொப்பம், மீதி. மாத்திரையை அவர் விழுங்கிய பிறகே கையொப்பமிட வேண்டும். காலையில் உட்கார்ந்து நாள் முழுவதற்கும் சேர்த்துக் கையொப்பமிடும் பழக்கம், நம் சங்கங்களில் சிலவற்றில் வருகைப் பதிவேட்டுக்கு நேர்வதுபோல, பதிவேட்டையே பொய்யாக்கும். வாரத்திற்கு ஒருநாள் மீதியை எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது வந்து, பத்து நாள் கழிந்து, இருபத்துநான்கு மீதியிருந்தால் நான்கு வேளை மருந்து உள்ளே போகவில்லை. அப்பெரியவருக்கு ரத்த அழுத்தம் ஏன் குறையவில்லை என்பதற்கு அந்த எண்ணே விடை. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதும் அதுவே. கிடங்கில் நாம் பழைய சரக்கை முதலில் வெளியேற்றுகிறோம். மருந்தில், எது முன்னே வந்தது என்று பாராமல் எது முன்னே காலாவதியாகும் என்று பார்த்து வெளியேற்ற வேண்டும்.

பூட்டைப்பற்றி ஒரு வார்த்தை. இல்லத்தின் பொது மருந்து அலமாரிக்குப் பூட்டு அவசியம். சாவி அந்நேரப் பணியில் உள்ளவரின் மடியில் இருக்க வேண்டும், ஆணியில் தொங்கலாகாது. ஆனால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் கடமை முடிந்ததென்பது காவற்காரன் புத்தியே. மார்வலி மாத்திரையும், இரைப்புக்கு உறிஞ்சும் மருந்தும் நோயாளியின் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாவிக்காகக் காத்திருக்க முடியுமா? மேலும், தன் மருந்தைத் தானே பார்த்து உண்ணும் தெளிவுள்ள பெரியவரிடமிருந்து அதைப் பறித்துப் பூட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வாழ்நாள் முழுவதும் ஜரிகைக் கணக்கு வைத்தவருக்கு எட்டு மாத்திரைக் கணக்கு வைக்கத் தெரியாதா? அவருக்கு ஒரு சிறு பெட்டியும் பூட்டும் கொடுத்து, வாரம் ஒருமுறை உடனிருந்து எண்ணினால் போதும்.

கட்டாயம் பூட்ட வேண்டியவை, மயக்கமும் பழக்கமும் உண்டாக்கும் மருந்துகள். தூக்கத்திற்கும் மனக்கலக்கத்திற்கும் தரும் அல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால் முதலியன 2014 மார்ச்சு முதல் ‘எச்1’ அட்டவணையில் கொண்டுவரப்பட்டு, விற்பவர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. கடைக்காரருக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்க, அதே மருந்து நம் வீட்டில் தலையணைக்கு அடியில் கிடக்கலாமா? காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதால் மார்ஃபின் மாத்திரை நம் பக்கத்து வீடுகளுக்கும் வருவதுண்டு. அது வேதனையைத் தணிக்கும் அரிய மருந்து. அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை. எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, பூட்டி வைக்க வேண்டும்.

இல்லங்களுக்கு மருந்துகளை நன்கொடையாக அளிப்பவரும் உண்டு. வீட்டில் ஒருவர் காலமான பதினாறாம் நாள், மிகுந்த மாத்திரைகளைப் பையில் கட்டிக்கொண்டு புண்ணியம் கருதி வருவர். அவை எங்கே, எந்தச் சூட்டில் இருந்தன என்று அறிவார் எவருமில்லை. நன்கொடை மருந்துகளைப்பற்றி உலக சுகாதார நிறுவனம் 1996-இல் வகுத்த நெறிகளின்படி, நோயாளிகளுக்குக் கொடுத்துத் திரும்பி வந்தவற்றை அளிக்கலாகாது. அளிப்பவற்றிற்குப் பொதுவாக ஓராண்டு ஆயுளேனும் மீதியிருக்க வேண்டும். புண்ணியம் வேண்டுவோர் பணமாகக் கொடுத்தால் இல்லத்தார் புதிதாக வாங்கிக்கொள்வர். 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி மாநிலத்தில் திறக்கப்பெற்ற ஆயிரம் ‘முதல்வர் மருந்தக’ங்களில் ஒரு பகுதி கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் விடப்பட்டது. 1904 அக்டோபரில் சென்னை மாகாணத்தின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது நம் காஞ்சியில்தான். கடன் கொடுக்கப் பிறந்த இயக்கம் மருந்து விற்கவும் வந்திருக்கிறது. கூட்டுறவு மருந்தகத்தில் வாங்கும் அங்கத்தினர் விலை குறைவு என்பதோடு நின்றுவிடாமல், “இதை எங்கே வைப்பது, திறந்தபின் எத்தனை நாள்?” என்று மருந்தாளுநரை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். சொல்வது அவர் கடமை.

விவசாய அங்கத்தினருக்கும் சாயத் தொழிலில் உள்ளவருக்கும் தனியே ஒன்று. பூச்சிமருந்தையும், சாயத்திற்குரிய அமிலத்தையும் ஹைட்ரோஸையும் காலியான இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். பூச்சிமருந்தின் டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமையைக் காட்டும் நிறக்குறி சட்டப்படி இருக்கிறது. புட்டி மாறியவுடன் அக்குறி போய்விடுகிறது. கண் மங்கிய பாட்டியார் இரவில் தடவி எடுப்பது எதுவென்று யார் அறிவார்? கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையும் பேரக்குழந்தைகளின் கண்ணுக்கு மிட்டாய். அதிகம் விழுங்கினால் உயிருக்கு அபாயம்.

காலாவதியான மருந்தைக் குப்பைக் குழியிலோ ஏரியிலோ எறியலாகாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தித் தனியே ஒப்படைக்கச் சொல்லின. 2025-இல் கேரளத்தார் கோழிக்கோட்டில், உபயோகமற்ற மருந்துகளை வீடுகளிலிருந்து திரும்பப் பெறும் ஏற்பாட்டைத் தொடங்கினர். அதே வருஷம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஃபென்டனில், டிரமடால் போன்ற 17 மருந்துகள் மீந்தால் பிறர் கைக்குப் போகாவண்ணம் கழிவறையில் கொட்டி நீர் ஊற்றிவிடலாம் என்றும், மற்றவற்றை அவ்வாறு செய்யலாகாது என்றும் வழிகாட்டியது. நம் பகுதியில், மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து, பட்டையிலுள்ள பெயரைக் கத்தரித்து, ஒரு உறையிலிட்டுத் தூய்மைப் பணியாளரிடம் ‘மருந்து’ என்று சொல்லித் தனியே தரலாம். இன்சுலின் ஊசிகளை மாத்திரம் வெறும் உறையில் போடலாகாது. தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியை இறுகத் திருகித் தரவேண்டும். குப்பையைப் பிரிப்பவரின் கைகளில் உறை இருப்பதில்லை.